தர்மப் பத்திரங்களில் தேடப்படும் மாலுமிகள்

வேல்ஸ் நாட்டில் தம் முன்னோரைத் தேடப் புகுவோர் முதலில் இடறி விழுவது பெயர்களில்தான். ஜோன்ஸ், டேவிஸ், இவான்ஸ், வில்லியம்ஸ் என்னும் சில குடும்பப் பெயர்களே கடற்கரை நெடுகிலும் நிறைந்து கிடக்க, தந்தையின் பெயரையே மகன் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கமும் சில பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தமையால், நெவினில் பிறந்த ஜான் ஜோன்ஸ் ஒருவரை அவ்வூர்க் கடலோடிகளான ஏனைய ஜான் ஜோன்ஸ்களிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. ஊரார் வீட்டின் பெயரையோ கப்பலின் பெயரையோ அடைமொழியாக்கி அழைத்து இக்குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டனர். சர்க்கார் ஏடுகளோ அந்த அடைமொழிகளைப் பெரும்பாலும் உதறிவிட்டன. ஆகவே வமிச ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் தர்ம ஸ்தாபனங்களின் பத்திரங்களை நாடுவது இயல்பே.

அவற்றுள் தலையாயவை லண்டனிலுள்ள டிரினிட்டி ஹவுஸ் என்னும் ஸ்தாபனத்துக்கு வந்த விண்ணப்பங்கள். 1514-இல் எட்டாம் ஹென்றியின் சாசனம் பெற்ற இந்த ஸ்தாபனம், கலங்கரை விளக்கங்களைப் பராமரித்து வந்ததோடு, நலிந்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் அவர்தம் விதவைகளுக்கும் உபகாரச் சம்பளமும் அளித்து வந்தது. 1940-ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அதன் மாளிகை எரிந்து ஏடுகள் பல சாம்பலான போதிலும், 1787 முதல் 1854 வரை எழுதப்பட்ட விண்ணப்பங்கள் தப்பிப் பிழைத்தன. விண்ணப்பித்தவரின் வயது, வசிக்கும் ஊர், ஊழியம் செய்த கப்பல்கள், மக்களின் நிலை ஆகியவற்றோடு, விவாகப் பத்திரத்தின் நகலோ ஞானஸ்நானப் பதிவின் நகலோ சிலவற்றில் இணைக்கப்பட்டிருக்கும். பிறப்பு, இறப்புகளைச் சர்க்கார் பதியத் தொடங்கியது 1837-இல்தான் என்பதையும், ஏழை மாலுமி உயிலோ நிலப் பத்திரமோ விட்டுச் செல்பவனல்லன் என்பதையும் நினைப்போர்க்கு இவற்றின் அருமை விளங்கும்.

ஆயினும் விண்ணப்பம் என்பது வரலாறு அன்று; அது ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் அறியாத ஆங்கிள்சித் தீவின் விதவை ஒருத்தி தன் துயரைத் தன் தாய்மொழியில் சொல்ல, அதனை வேறொருவர் ஆங்கிலத்தில், லண்டன் கனவான்களின் மனம் இளகுமாறு எழுதித் தரும்பொழுது, எது அவள் சொன்னது, எது எழுதியவர் சேர்த்தது என்று பகுப்பது யாரால் இயலும்? இரக்கத்தைத் தூண்டும் செய்தி விரிந்திருக்கும். சம்பாதிக்கும் மகன் ஒருவன் இருப்பானாயின் அவன் பெயர் வாராமலே போகலாம். எனவே மன்றாட்டைவிட அதனோடு தைத்த நகல்களே கனமானவை. அவற்றுள்ளும் பேதம் உண்டு. 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் நீங்கலாக ஏனையோர் எச்சபையினராயினும் இங்கிலாந்துத் திருச்சபைக் கோயிலில்தான் மணம் புரிய வேண்டும் என்பது சட்டமாதலால், விவாக நகல் பெரும்பாலும் கைவிடாது. மெதடிஸ்டு முதலிய தனிச் சபையாரின் குழந்தைகளோ தங்கள் சிற்றாலயங்களில் ஞானஸ்நானம் பெற்றமையின், கோயிற் பதிவேட்டில் பெயர் இல்லையென்பதைக் கொண்டு பிறப்பையே ஐயுறுவது பேதைமை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. யாசித்தவர்களின் சரித்திரமே இப்பத்திரங்களில் வாழ்கிறது. கப்பலில் அறுபத்து நான்கில் ஒரு பங்கேனும் வாங்கி, பரஸ்பரக் காப்புறுதியில் சேர்ந்து, பிறர் வாசலை மிதியாமல் மடிந்த போர்ட்மாடாக் கப்பற்றலைவனுக்கு இங்கே இடமில்லை. மானத்துக்கு அஞ்சிப் பட்டினி கிடந்தவனுக்கும் இல்லை. ஆராய்ச்சியாளர் சிலர் 1747-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு 1851-இல் கலைக்கப்பட்ட வணிக மாலுமிகள் நிதியையும் தர்மக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றனர். மாதந்தோறும் தன் கூலியிலிருந்து ஆறு பென்னி பிடிக்கக் கொடுத்தவன் அதைத் திரும்பப் பெறுவது தர்மமாகுமானால், வட்டிக் கடைக்காரனும் வள்ளலே!

விண்ணப்பத்தில் தொடங்கி அதன்வழியே வமிசாவளியைக் கட்டுவது தலைகீழான முறை என்பது என் துணிபு. 1835 முதல் சட்டப்படி எழுதப்பட்ட மாலுமிப் பட்டியல்களில், அபெரிஸ்ட்வித் துறையில் பதிவான கப்பல்களுக்கு உரியவை 1856 முதல் 1914 வரை வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அத்தகைய பட்டியலிலிருந்து பின்னோக்கிச் சென்று, விண்ணப்பத்தை இறுதியில் சாட்சியாக அழைப்பதே முறை. பட்டியலும் முற்றிலும் நிரபராதி அன்று. கப்பல் வேலைக்காக வயதைக் குறைத்துச் சொன்ன மாலுமியே உபகாரச் சம்பளத்துக்காக அதனைக் கூட்டியும் சொல்லக்கூடும். ஆனால் பிறந்த ஊரைப் பொறுத்தவரை அவன் பொய் சொல்வதில் ஆதாயம் அதிகமில்லை. இரண்டு ஏடுகளும் ஒரே ஊரைச் சொல்லுமாயின், அங்கே அவனை நம்பலாம்.