க்ரூஸரிலிருந்து ஸ்போர்ட் டூரருக்கு: மாற்றத்தின் லாப நட்டம்

நெடுந்தூரப் பயணம் என்றால் க்ரூஸர்தான் என்ற எண்ணம் நம் நாட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊறிக்கிடக்கிறது. 2002-இல் வந்த ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டும் 2005-இல் வந்த பஜாஜ் அவெஞ்சரும் அதற்கு அடித்தளம் போட்டன. 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350, 2023 ஜனவரியில் வந்த சூப்பர் மீட்டியார் 650 ஆகியவை அதை இன்னும் பரவலாக்கின. தாழ்ந்த இருக்கை, உயர்ந்து அகன்ற ஹேண்டில்பார், முன்னே நீட்டிய கால்கள், அடங்கிய இன்ஜின் சத்தம் என எல்லாமே அவசரமில்லாத பயணத்தை நினைவூட்டும் அமைப்பு. ஆனாலும் சில ஆண்டுகள் க்ரூஸரில் ஊர் சுற்றியவர்களில் கணிசமானோர் அதை விற்றுவிட்டு ஸ்போர்ட் டூரரைத் தேடுகிறார்கள். பட்ஜெட் சிறியதென்றால் பஜாஜ் டோமினார் 400, பெரியதென்றால் கவாசாகி நின்ஜா 1100எஸ்எக்ஸ். ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: பவர் பத்தவில்லை. முடிவு பலருக்குச் சரியானது; காரணம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஸ்போர்ட் டூரர் தரும் உண்மையான லாபம் கையிருப்பு. உடம்பில் மிஞ்சும் தெம்பு, வளைவில் மிஞ்சும் சாய்வு, பிரேக்கில் மிஞ்சும் பிடி. இந்தக் கையிருப்பைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்பவருக்கு மாற்றம் பயன் தரும். அதை வேகமாகச் செலவழிப்பவருக்குக் க்ரூஸரைவிட ஆபத்தான வண்டியே வாய்க்கும்.

இரண்டு வகைகளும் பிறந்த இடங்களைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். க்ரூஸரின் வடிவம் அமெரிக்காவின் நீண்ட, நேரான, வண்டிகள் குறைந்த சாலைகளுக்காக உருவானது. அங்கே வளைவு குறைவு, இடம் அதிகம், குறைந்த சுழற்சியில் இழுக்கும் பெரிய இன்ஜின் போதும். ஸ்போர்ட் டூரரின் முன்னோடியாகப் பலரும் சொல்வது 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ். அதன் முன்மூடி (ஃபேரிங்) இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைக்கப்பட்டது. தடையில்லாத ஜெர்மானிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுபவரின் மார்பிலும் தோளிலும் அறையும் காற்றை எப்படி விலக்குவது என்பதே அந்த வடிவமைப்பின் மையக் கேள்வி. இந்த வகை வேகத்தை மட்டும் துரத்திப் பிறந்ததல்ல. வேகத்தில் செல்பவரின் களைப்பைக் குறைக்கப் பிறந்தது. இன்று அதை வாங்குபவர்களில் பலர் மறந்துவிடுவது இந்த வரலாற்றைத்தான்.

உட்காரும் விதத்திலிருந்தே தொடங்கலாம். சூப்பர் மீட்டியார் 650-இன் இருக்கை தரையிலிருந்து 740 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கடையில் ஏறி உட்கார்ந்ததும் சோபாவில் அமர்ந்த சுகம் கிடைக்கும். ஆனால் கால்கள் முன்னே நீண்டிருப்பதால் மேலுடலின் எடை முழுவதும் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பின் அடிப்பகுதியிலும் இறங்குகிறது. பள்ளம் வரும்போது ஃபுட்பெக்கை மிதித்து உடம்பை இருக்கையிலிருந்து சற்றே தூக்கிக்கொள்ள முடிவதில்லை. பின்சக்கரத்தின் சஸ்பென்ஷன் அசைய இருக்கும் தூரமோ 101 மி.மீ. மட்டுமே, இருக்கையைத் தாழ்த்துவதற்குக் கொடுத்த விலைகளில் ஒன்று அது. சக்கரம் விழுங்க முடியாத அதிர்ச்சி நேராக முதுகுக்குப் போகிறது. ஸ்போர்ட் டூரரில் ஃபுட்பெக் ஏறத்தாழ இடுப்புக்கு நேர்கீழே, சற்றுப் பின்னால் இருக்கும். மேலுடல் லேசாக முன்சாயும். எடை இருக்கை, கால், கை என மூன்றாகப் பிரிகிறது. மேட்டையோ உடைந்த பாலத்து இணைப்பையோ பார்த்ததும் தொடைகளால் எழுந்துகொள்ளலாம். முதல் பத்து நிமிடத்தில் க்ரூஸர் வெல்லும், மூன்றாவது மணி நேரத்தில் ஸ்போர்ட் டூரர் வெல்லும். சோதனை ஓட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவதால் பலர் இந்த வேறுபாட்டை வாங்கிய பிறகே உணர்கிறார்கள்.

காற்றின் கணக்கு இன்னும் தெளிவானது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 60 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, மார்பில் மோதும் விசை இரண்டேகால் மடங்காகிறது. கைகளை அகட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் க்ரூஸர் ஓட்டுநரை அந்த விசை பின்னால் தள்ளுகிறது. அவர் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொள்கிறார். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 700 கி.மீ. இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் தோளும் கழுத்தும் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சற்றே முன்சாய்ந்தவருக்கு அதே காற்று எதிரியாக இருப்பதில்லை. முன்மூடி பெரும்பகுதியை விலக்க, மிச்சமுள்ளது மார்பைத் தாங்கி மணிக்கட்டின் சுமையைக் குறைக்கிறது. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பக்கவாட்டில் அகன்ற மூடி இருக்கும் வண்டியைக் குறுக்குக் காற்று பிடித்துத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும் சாலையில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

வளைவுகளில்தான் இரண்டின் இடைவெளி உயிருக்கு நெருக்கமானதாகிறது. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதை 40 கி.மீ. வேகத்தில் கடக்க ஏறத்தாழ 23 டிகிரி சாய்வு வேண்டும். 50 கி.மீ. என்றால் 33 டிகிரி. வேகத்தில் பத்து கூடியதற்குச் சாய்விலும் பத்து கூடிவிடுகிறது. பல க்ரூஸர்களில் 30 டிகிரியை ஒட்டியே ஃபுட்பெக் தார்ச்சாலையில் உரசத் தொடங்கும். முதல் உரசல் எச்சரிக்கை மட்டுமே. அதற்கு மேலும் சாய்த்தால் மடங்காத இரும்புப் பாகம் தரையில் ஊன்றிச் சக்கரத்தைத் தூக்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ நிதானமாகப் போகிறவருக்கு இந்த எல்லை தெரியாமலே போகலாம். ஆனால் வளைவின் நடுவில் எதிரே பேருந்து பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு இறங்கும்போது பாதையை இன்னும் இறுக்கியே ஆக வேண்டும். அந்த நொடியில் கூடுதலாக ஐந்து டிகிரி சாய்வு கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஸ்போர்ட் டூரரில் பெரும்பாலும் இருக்கும். 241 கிலோ எடையும் 1500 மி.மீ. சக்கர இடைவெளியும் கொண்ட சூப்பர் மீட்டியார் நேர்கோட்டில் மலைபோல் அசையாமல் போகும். திடீரென்று திசை மாற்றச் சொன்னால் அந்த நிலைத்தன்மையே பாரமாகிவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வெறும் சாக்குகள் அல்ல. முதலாவது நகரப் போக்குவரத்து. மீட்டியார் 350 தன் உச்ச டார்க்கான 27 நியூட்டன் மீட்டரை 4,000 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. டோமினார் 400-க்கு 35 நியூட்டன் மீட்டர் கிடைக்க 6,500 வரை முறுக்க வேண்டும். அண்ணா சாலையின் சிக்னல்களுக்கு இடையே ஊர்ந்து போகிறவருக்குக் கியர் மாற்றாமல் இழுக்கும் இன்ஜின்தான் நிம்மதி. முன்சாய்ந்த உடம்பைத் தாங்கக் காற்றில்லாத அந்த வேகத்தில் ஸ்போர்ட் டூரர் மணிக்கட்டை வலிக்க வைக்கும். மூடிக்குள் தேங்கும் இன்ஜின் சூடு மே மாத வெயிலோடு சேர்ந்து தொடையைச் சுடும். இருக்கை 765 மி.மீ.-இலிருந்து 800-க்கோ அதற்கு மேலோ உயரும்போது உயரம் குறைந்தவர்களுக்கு இரு பாதங்களும் தரையில் பதியாமல் போகும். மெதுவான வேகத்தில் வண்டி கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே வாரத்தில் ஆறு நாள் நகரத்திலும் ஒரு நாள் நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவர் மாறத் தேவையில்லை. அவருடைய வண்டி அவருடைய சாலைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் சட்டத்தையும் சாலையையும் பற்றியது. நம் நாட்டில் இருசக்கர வண்டிக்கான வேக வரம்பு காருக்கானதைவிடக் குறைவு. வேகமாகப் போக வசதியான சாலைகள் சிலவற்றிலோ இருசக்கர வண்டிக்கு இடமே கிடைப்பதில்லை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்குத் தடை வந்துவிட்டது. பிறகு நின்ஜாவின் 136 குதிரைத்திறன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பவருக்காக மாறுபவரிடம் இதற்குப் பதில் கிடையாது. கையிருப்புக்காக மாறுபவரிடம் உண்டு. முதுகு, காற்று, சாய்வு, பிரேக் பற்றி மேலே சொன்ன லாபங்களில் ஒன்றுகூட 100 கி.மீ.-ஐத் தாண்டிய பிறகு தொடங்குவதல்ல; எல்லாமே சட்டப்படியான வேகத்திலேயே கிடைக்கின்றன. அதனால்தான் 40 குதிரைத்திறன் கொண்ட டோமினாரும் இந்தக் கணக்கில் முழு உறுப்பினர். பெரிய வண்டிதான் உண்மையான ஸ்போர்ட் டூரர் என்பது விளம்பரம் ஊட்டிய நம்பிக்கை.

மூன்றாவது, பின்னால் அமர்பவர். இதில் க்ரூஸரின் வெற்றியை மறுக்க முடியாது. தாழ்ந்து அகன்ற பின்னிருக்கை, முதுகுச் சாய்மானம், காலைத் தளர்த்தி வைக்க இடம் என எல்லாம் அதில் இருக்கின்றன. ஸ்போர்ட் டூரரின் பின்னிருக்கை ஓட்டுநரைவிட உயரமானது, குறுகலானது. முழங்காலை மடித்து இருபுறமும் கால் போட்டுத்தான் அமர முடியும். புடவை கட்டிய அம்மாவையோ வயதான மாமியாரையோ கோயிலுக்கு அழைத்துப் போகும் வண்டியாக அது ஒருநாளும் ஆகாது. வீட்டில் இருக்கும் ஒரே வண்டியை மாற்றுபவர் இதைத் தனியாக முடிவெடுக்கக் கூடாது. பின்னால் அமரப் போகிறவரையும் கடைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. களைப்பும் கையிருப்பும்தான் முக்கியம் என்றால், அட்வென்ச்சர் வண்டிக்கே போய்விடலாமே என்பது அது. 2023-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன் அசைவு, 230 மி.மீ. தரை இடைவெளி, நிமிர்ந்த அமர்வு. அறிவிப்பில்லாத வேகத்தடையும் மழைக்குப் பிந்தைய பள்ளமும் நிறைந்த சாலைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. பயணத்தில் கால்பங்காவது உடைந்த சாலை என்றால் அட்வென்ச்சர் வண்டியே சரி என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. ஆனால் நான்குவழிச் சாலையிலும் நல்ல மலைப்பாதையிலும் பெரும்பாலும் போகிறவருக்கு, அதன் 21 அங்குல முன்சக்கரமும் பிரேக் பிடித்தால் ஆழமாகக் குனியும் முன்பகுதியும் கூடுதல் வசதி ஆகாது. 17 அங்குலச் சக்கரமும் அகன்ற சாலை டயரும் தார்ச்சாலையில் தரும் பிடியும் உணர்வும் அங்கே மேலானவை. ஏறும் உயரமும் ஸ்போர்ட் டூரரில் பெரும்பாலும் குறைவு.

இனி, மாறும் வழக்கத்துக்கு உள்ளேயே இருக்கும் குறை. எதிர்ப்பவர்கள் சொல்வதைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. க்ரூஸர் தன் எல்லையை ஓட்டுநருக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. 100-ஐ நெருங்கும்போது காற்று அறைகிறது, கைப்பிடி அதிர்கிறது, வளைவில் ஃபுட்பெக் உரசுகிறது. அந்தத் தொல்லைகளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளம். ஸ்போர்ட் டூரரில் ஏறியதும் அந்தக் கடிவாளம் கழன்றுவிடுகிறது. முன்மூடிக்குப் பின்னால் 110 கூட 70 போலத் தோன்றும். வண்டி கொடுத்த கையிருப்பை ஓட்டுநர் தெரியாமலே வேகத்தில் கரைத்துவிடுகிறார். மாடு குறுக்கே வரும்போதும் டிராக்டர் எதிர்த்திசையில் வரும்போதும் நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே கூடும். மூடியின் வடிவம் அதை மாற்றாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.-க்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பது பெரிய உதவிதான். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், தாமதமாகப் பிரேக் பிடித்ததைத் திருத்தாது. பவருக்காக மாறியவர் இந்தப் பொறியில் விழுவது ஏறத்தாழ உறுதி. ஏன் மாறுகிறோம் என்ற காரணத்தில் நான் இவ்வளவு அழுத்தம் வைப்பது இதனால்தான்.

செலவையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. 349 சி.சி. க்ரூஸரிலிருந்து 373 சி.சி. ஸ்போர்ட் டூரருக்குத் தாவுபவர் 24 சி.சி.-க்காக வேறொரு வரி வகுப்புக்குள் நுழைகிறார். பெரிய வண்டி என்றால் விலை 13 லட்சம் ரூபாயைத் தாண்டும். சிறிய ஊரில் சர்வீஸும் உதிரிபாகமும் ராயல் என்ஃபீல்டுக்குக் கிடைப்பதுபோல் அதற்குக் கிடைக்காது. நெடுஞ்சாலையில் ஒரு வாரம் வண்டி முடங்கினால் களைப்பைக் குறைக்கும் வடிவமைப்பு எந்தப் பயனும் தராது.

ஆக, தீர்ப்பு மூன்று கேள்விகளில் அடங்கும். ஒரே நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் பயணங்கள் வழக்கமாக உண்டா? அந்தச் சாலைகளில் வளைவும் நல்ல தாரும் உண்டா? பழைய வண்டியில் போன அதே வேகத்தில் புதிய வண்டியிலும் போகும் மன உறுதி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்பவர் தயங்காமல் மாறலாம். மூன்றாவதற்கு மட்டும் இல்லை என்பவர் மாறவே கூடாது. வண்டி செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரகடத்திலும் ஓசூரிலும் 350 சி.சி.-க்குள் தரமான இன்ஜின்கள் உருவாகின்றன. 780 மி.மீ. இருக்கை, சற்றே உயர்ந்த ஹேண்டில்பார், சரியான முன்மூடி, 17 லிட்டர் டேங்க், கம்பெனியே பொருத்தித் தரும் பக்கப்பெட்டிகள் ஆகியவற்றோடு அந்த இன்ஜின்களில் ஒரு ஸ்போர்ட் டூரரைச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. வரியும் இப்போது சாதகமாகவே இருக்கிறது. அப்படி ஒரு வண்டி வந்தால், நெடுந்தூரம் போக விரும்பும் நடுத்தரக் குடும்பத்துக்காரர் களைப்பைக் குறைத்துக்கொள்வதற்காகத் தேவையில்லாத குதிரைத்திறனையும் சேர்த்து வாங்க வேண்டிய கட்டாயம் நீங்கும்.