பிறப்பு, நூல், கோல்: மூன்று குறள்களை உரையோடு சேர்த்துப் படிப்போம்

திருக்குறளைப் பற்றிக் கேள்வி வந்தால் மாணவர்களில் பலர் எழுதும் வரி ஒன்று உண்டு: வள்ளுவர் சாதி மதம் பார்க்காதவர். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனா அதற்கு ஆதாரம் எந்தக் குறள், யாருடைய உரை என்று அடுத்த கேள்வி கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. இலக்கியத் தாளில் நல்ல மதிப்பெண் அந்த அடுத்த கேள்விக்குத்தான்.

இங்கே மூன்று குறள்களை எடுத்துக்கொள்கிறேன்: 972, 134, 543. முதலாவது பிறப்பைப் பேசுகிறது. இரண்டாவது பிறப்பையும் ஓதும் நூலையும் பக்கத்தில் வைக்கிறது. மூன்றாவது நூலையும் ஆட்சியையும் சேர்க்கிறது. ஒருவர் யார் என்பதை முடிவு செய்வது எது? வம்சமா, மறைநூலா, அதிகாரமா? இந்த மூன்றும் குறளில் இருக்கின்றன. ஆனால் எதற்கும் கடைசி வார்த்தை கொடுக்கப்படவில்லை என்பது என் வாதம். கடைசி வார்த்தையைக் கொடுத்தவர்கள் உரைகாரர்களே.

முதலில் 972. 'பெருமை' அதிகாரத்தில் வருகிறது. எல்லா உயிருக்கும் பிறப்பு ஒரே தன்மை என்பது முதல் பாதி. செய்யும் தொழில் வேறுபடுவதால் சிறப்பு ஒன்றாக இருக்காது என்பது இரண்டாம் பாதி. நம் மாணவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் இருப்பது இரண்டாம் பாதியில். 'தொழில்' என்றால் என்ன? குலத்தொழில் என்று படித்தால் முதல் பாதியில் கொடுத்ததை இரண்டாம் பாதி பிடுங்கிக்கொள்ளும். செயல், நடத்தை என்று படித்தால் இரண்டு பாதியும் ஒத்துப்போகும். பழந்தமிழில் தொழில் என்ற சொல்லுக்குச் செயல் என்ற பொருள் உண்டு. அதனால் இரண்டாவது வாசிப்பே பொருந்தும் என்பேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் 'குடிமை' இருக்கிறது. அதன் முதல் குறளே, நேர்மையும் நாணமும் நல்ல குடியில் பிறந்தவரிடம் தவிர மற்றவரிடம் இயல்பாக அமையாது என்கிறது. அப்போ 98ஆம் அதிகாரம் சமத்துவம், 96ஆம் அதிகாரம் குலப்பெருமையா? இந்த முரணை மறைக்காமல் எழுதும் மாணவரே நல்ல திறனாய்வாளர். அதே குடிமை அதிகாரத்தில் 958ஆம் குறளைப் பாருங்கள்: ஒருவனிடம் அன்பு இல்லையென்றால் அவன் குலத்தையே உலகம் சந்தேகிக்கும். இங்கே குலம் நடத்தைக்குச் சாட்சி சொல்லவில்லை. நடத்தைதான் குலத்துக்குச் சாட்சி சொல்கிறது. 133ஆம் குறள் இன்னும் நேராகவே, ஒழுக்கம் உடையவராக இருப்பதுதான் உயர்குடி என்கிறது. குலம் என்ற சொல்லை வள்ளுவர் தூக்கிப்போடவில்லை. அதன் அளவுகோலை மாற்றுகிறார்.

அடுத்த குறளே 134. பார்ப்பான் ஓதியதை மறந்தாலும் திரும்பக் கற்றுக்கொள்ளலாம்; ஒழுக்கம் குறைந்தால் பிறப்பின் உயர்வு கெடும். ஒரே குறளில் வம்சமும் மறைநூலும் ஒழுக்கத்துக்குக் கீழே வைக்கப்படுகின்றன. அதே சமயம், பிறப்புக்கு ஓர் உயர்வு இருப்பதாக அந்தக் காலத்து நம்பிக்கை குறளுக்குள் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, 'செங்கோன்மை' அதிகாரத்தின் 543. அந்தணர் நூலுக்கும் அறத்துக்கும் அடிப்படையாக நிற்பது மன்னன் கோல். மறைநூல் தானாக நிற்பதில்லை, ஆட்சி தாங்கினால்தான் நிற்கும் என்பது எவ்வளவு துணிச்சலான கருத்து! இங்கேதான் உரைகாரர்கள் பிரிகிறார்கள். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பரிமேலழகர் அந்தணர் நூலை வேதம் என்கிறார். அவர் தம் உரைப்பாயிரத்திலேயே அறம் என்பதற்கு மனு முதலிய நூல்களைத்தான் அளவாகக் காட்டுகிறார். கலைஞர் மு. கருணாநிதி அதே சொல்லை அறவோர் நூல் என்று எடுத்துக்கொள்கிறார். ஒருவர் குறளை வேத மரபுக்குள் கொண்டுபோகிறார். இன்னொருவர் அதிலிருந்து வெளியே கொண்டுவருகிறார்.

யார் சரி? குறளுக்குள்ளேயே தேடலாம். 30ஆம் குறள் எல்லா உயிரிடமும் இரக்கம் காட்டும் அறவோரே அந்தணர் என்கிறது. இது கலைஞருக்குத் துணை. 560ஆம் குறள், அரசன் காக்காவிட்டால் ஆறு தொழிலுடையோர் தம் நூலை மறப்பர் என்கிறது. ஆறு தொழில் என்பது ஓதல், ஓதுவித்தல் முதலான அந்தணர் தொழிலைக் குறிக்கும் மரபுத்தொடர். இது பரிமேலழகருக்குத் துணை. 543ஐப் பொறுத்தவரை 560 அடுத்த அதிகாரத்திலேயே, அதே ஆட்சி பற்றிய பேச்சில் வருவதால் பரிமேலழகர் பக்கம் கொஞ்சம் கனம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு குறளில் அவர் சரி என்பதால் மனுவை முழு நூலுக்கும் அளவுகோலாக்கியது சரியாகிவிடாது. 133உம் 958உம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

உரைகளுக்கு நடந்தது வள்ளுவருக்கும் நடந்தது. கபிலர் அகவல் அவரை ஆதி, பகவன் என்பவர்களின் ஏழு பிள்ளைகளில் ஒருவர் என்கிறது. சமணர், சைவர் இருவரும் அவரைத் தம்மவர் என்றனர். அயோத்திதாசர் பௌத்தர் என்றார். 1886இல் குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் அதில் கிறிஸ்துவச் சாயலைக் கண்டார். ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா சமயச் சின்னம் எதுவும் இல்லாமல் வரைந்த படத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. 2019இல் காவி உடுத்திய வள்ளுவர் படம் ஒன்று வந்தபோது எழுந்த சர்ச்சை நமக்குத் தெரியும். ஒரு புலவரின் பிறப்பு, சமயம், உடை எல்லாவற்றையும் அந்தந்தக் காலத்துச் செல்வாக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது.

இதெல்லாம் தமிழ்நாட்டு விவகாரம்தானே, நமக்கென்ன என்று மாணவர்கள் கேட்கலாம். நமக்கும் இதே கேள்வி வந்தது. இங்கிருந்த தமிழர்கள் சாதியாலும் சமயத்தாலும் பிரிந்திருந்த காலத்தில், தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைக் கொண்டாட வைத்தார். எந்தக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போனாலும் சேர்ந்து நிற்க மொழி ஒரு மேடையானது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் பெயரில் இங்கே தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. அதில் படிக்க யாரும் சமயம் கேட்பதில்லை.

543ஆம் குறளையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்று சட்டம் சொல்வதால்தான் சுவா சூ காங்கில் ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் குறள் படிக்கிறது. கோல் நூலைத் தாங்குகிறது. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடுதான். அடையாள அட்டையில் உள்ள இனமும் பாடநூலும் இருந்தும், பேசும் பழக்கம் இல்லையென்றால் என்ன மிஞ்சும்? அப்பா மலையாளி, அம்மா தெலுங்கு என்று வரும் ஒரு பிள்ளை நன்றாகத் தமிழ் பேசினால் அதைத் தமிழ்ப்பிள்ளை இல்லை என்று எந்த அளவுகோலால் சொல்வது? வீட்டில் தமிழ் மறந்துபோன பிள்ளைக்கும் 134 ஒரு நம்பிக்கை தருகிறது: மறந்ததைத் திரும்பக் கற்கலாம்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். 543ஐ மட்டும் கொடுத்து, பரிமேலழகர், மு.வ., கலைஞர் மூவரின் உரையையும் பெயர் இல்லாமல் பலகையில் போடுங்கள். எந்தச் சொல் குறளில் இருக்கிறது, எந்தச் சொல் உரையில் புதிதாக வந்தது என்று மாணவர்கள் கோடு போடட்டும். பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: விடையை மூன்று படியாக அமையுங்கள். குறள் என்ன சொல்கிறது, உரைகாரர் என்ன சேர்க்கிறார், வேறொரு குறளை ஆதாரமாக வைத்து நீங்கள் எந்தப் பக்கம். மூன்றாவது படி இல்லாத விடை உரையைப் பார்த்து எழுதியதாகத்தான் தெரியும். உங்கள் முடிவு என்னுடையதோடு ஒத்துப்போகணும்னு அவசியமில்லை, குறள் எண்ணோடு வந்தால் போதும்.