பிளாக் மேஜிக்கும் மெமரி கடிகாரமும்

ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் 1993-ல் எழுதிய ‘ஹை-ஸ்பீட் டிஜிட்டல் டிசைன்’ புத்தகத்தின் துணைத்தலைப்பு, ‘எ ஹேண்ட்புக் ஆஃப் பிளாக் மேஜிக்’. அதாவது பில்லி சூனியக் கையேடு! நம்மில் பலருக்கும் சர்க்யூட் போர்டு பாடம் இங்கேதான் ஆரம்பம். எனக்கும்தான். ஆனாலும் அந்தத் துணைத்தலைப்போடு எனக்கு ஒரு சண்டை உண்டு.

புத்தகத்தின் பலத்தை முதல்ல சொல்லிடறேன். கடிகாரம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பதைவிட, சிக்னல் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதே முக்கியம் என்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்கிறார்கள். திரும்பி வரும் மின்னோட்டம் கோட்டுக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் ஓடும் என்பதையும் நன்றாகப் புரிய வைக்கிறார்கள். இதில் மந்திரம் எங்கே இருக்கு? எல்லாம் இயற்பியல்.

பிரச்சினை, ‘மந்திரம்’னு பேர் வச்சா ஜனங்க மந்திரமாத்தான் ஜபிப்பாங்க. அப்படி ஜபிக்கப்படும் மந்திரம்: “எல்லாக் கோட்டையும் ஒரே நீளமாக்கு.”

நானும் ஜபித்தேன். சொந்தக் காசில் ஒரு டிடிஆர்3-1600 போர்டு. ஒரு பைட்டின் 8 டேட்டா கோடுகளில் 4 மேல் அடுக்கில், 4 உள் அடுக்கில். எல்லாம் 60 மில்லிமீட்டர், துல்லியமாக. மெமரி டெஸ்ட் ஓட்டினால் அந்த பைட்டில் மட்டும் பிழை. வேகத்தைக் குறைத்தால் ஒழுங்காக ஓடுகிறது.

காரணம் எளிது. உள் அடுக்கில் சிக்னல் மெதுவாகப் போகும். மில்லிமீட்டருக்கு சுமார் 1 பிக்கோசெகண்ட் வித்தியாசம். 60 மில்லிமீட்டருக்கு 60 பிக்கோசெகண்ட். ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 625. அதில் பத்தில் ஒரு பங்கு போச்சு. ஸ்ட்ரோப் என்கிற குட்டிக் கடிகாரம் எந்த நாலு கோட்டுக்குன்னு அடிக்கும்? நீளம் சமம், நேரம் சமமில்லை. இரண்டு மாத உழைப்பும் போர்டு காசும் போனபிறகுதான் இது உறைத்தது.

இன்னொரு குறை காலத்தால் வந்தது. புத்தகம் வந்த காலத்தில், கடிகாரம் எல்லா சிப்புக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பொதுவான லட்சியம். 2007-ல் வந்த டிடிஆர்3 அதைக் கைவிட்டது. ஃப்ளை-பை முறையில் கடிகாரக் கோடு ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுக்கொண்டு போகிறது. தேர் முதல் வீட்டுக்கு வரும் நேரம் வேறு, கடைசி வீட்டுக்கு வரும் நேரம் வேறு. ஆனா மேளம் தேரோடயே வரும். அதுபோல முகவரி, கட்டளைக் கோடுகள் கடிகாரத்தோடு சேர்ந்தே போகின்றன. ஸ்ட்ரோபுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, ‘ரைட் லெவலிங்’ மூலம் கன்ட்ரோலரே ஒவ்வொரு சிப்புக்கும் அளந்து சரிசெய்துகொள்கிறது. இது தெரியாமல் டேட்டா கோடுகளையும் கடிகார நீளத்துக்கு இழுத்துப் பாம்பு பாம்பாக நெளிப்பது வீண்வேலை. நெருக்கமாக நெளித்தால் சிக்னலில் ஒரு பகுதி பக்கத்து மடிப்புக்குத் தாவி முன்கூட்டியே வந்துவிடும். அப்புறம் எண்ணி வைத்த நீளத்துக்கு என்ன அர்த்தம்?

1993 புத்தகத்தை 2007-ஐ வைத்துத் திட்டுவது நியாயமில்லைதான். அதனால் என் புகார் ஆசிரியர்கள்மேல் கொஞ்சம், வாசகர்களான நம்மமேல் நிறைய. அவர்கள் ஓசிலோஸ்கோப்பை வைத்து அளந்து காட்டினார்கள்; நாம் அளப்பதை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

புத்தகத்தைக் கண்டிப்பாக வாசியுங்கள். அட்டையில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் நம்பாதீங்க.