முட்டம் கரையில் சிலுவையின் பொருள்

கிறிஸ்து மனிதருக்காகப் பாடுபட்டு மரித்தார் என்பதில் சபைகளுக்குள் வேற்றுமை இல்லை. அந்த மரணம் எவ்வாறு மீட்பைத் தந்தது என்ற கேள்வியில்தான் மரபுகள் பிரிகின்றன. 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தின் விசுவாசப் பிரமாணம், நமக்காகவே அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்று அறிக்கையிட்டதோடு நின்றது, விளக்கத்தை வரையறுக்கவில்லை. அதனால் விளக்கங்கள் பல வளர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பின்பற்றும் மக்கள் குமரி மாவட்டத்திலேயே உண்டு.

மிகப் பழையது வெற்றி விளக்கம். பாவமும் சாவும் மனிதரைச் சிறைப்பிடித்திருந்தன. கிறிஸ்து சாவுக்குள் புகுந்து அதன் பிடியை உடைத்தார் என்பது அதன் சாரம். இரண்டாம் நூற்றாண்டின் இரேனேயு இதை விரித்தார். கீழைத் திருச்சபைகளின் உணர்வு இதற்கு நெருக்கமானது. தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட சீரோ மலபார் மறைமாவட்டத்தின் மரபில் திருவுருவம் இல்லாத மார்த்தோமா சிலுவை போற்றப்படுகிறது. அது உயிர்த்தெழுதலையே முன்னிறுத்துகிறது.

மேற்கில் 1098 அளவில் அன்செல்ம் வேறு வழி கண்டார். பாவத்தால் பங்கப்பட்ட கடவுளின் மாட்சிக்கு மனிதன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். ஆனால் கடவுளால் மட்டுமே அது முடியும். எனவே கடவுளே மனிதரானார். அபெலார்டு இதை ஏற்கவில்லை. சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித மனத்தை மாற்றுவதே மீட்பு என்றார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், குறிப்பாகக் கால்வின், குற்றவாளிக்குரிய தண்டனையைக் குற்றமற்றவர் ஏற்றார் என்று விளக்கினர். 1806-இல் தென்திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபேயின் மிஷன் வழி வந்த சி.எஸ்.ஐ. சபைகளின் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் இன்றும் ஓங்கி ஒலிப்பது இதுவே.

குமரி மாவட்டத்து முட்டம் இலத்தீன் கத்தோலிக்கக் கடற்கரை. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் பல்லாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். அந்த வழிவந்த விசுவாசம் இங்குள்ளது. இறையியல் நூல்படி இங்கும் அன்செல்மின் ஈடுசெய்தலும், திருப்பலி சிலுவைப் பலியையே நிகழச்செய்கிறது என்ற திரெந்து பொதுச்சங்கப் போதனையும் அடிப்படை. ஆனால் மக்களின் பக்தியைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள், பெரிய வெள்ளியன்று திருப்பலி இன்றி நடக்கும் திருச்சிலுவை ஆராதனை, மகனின் உடலை மடியில் ஏந்திய வியாகுல மாதா: இவை வாதிடுவதில்லை, உடன் நடக்கின்றன. 2004 சுனாமியில் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்கள் இழந்த உயிர்களும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கரை திரும்பாத மீனவர்களும் இம்மாவட்டக் கடற்கரையின் நினைவில் உள்ளனர். உடலைக்கூடக் காணாத தாய்க்கு, தம் மகனை இழந்த மாதாவே முதல் ஆறுதல். துன்பத்தை விளக்குவதற்கு முன் அதில் பங்குகொள்ளும் கடவுள் என்ற இந்தப் புரிதல் எந்தப் பேரறிஞரின் விளக்கத்துக்கும் தாழ்ந்ததல்ல. யூர்கன் மோல்ட்மன் 1972-இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதியதும், தலித் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் வேதனையுறும் கடவுளைப் பேசியதும் இதே திசையில்தான்.

தமிழில் பாடுகளின் இலக்கியமும் இந்த உருக்கத்தையே தேர்ந்தது. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம், வீரமாமுனிவரின் அன்னை அழுங்கல் அந்தாதி ஆகியவை அதற்குச் சான்று. 1894-இல் வெளிவந்த கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் பாடுகளைக் காப்பிய நடையில் உருக்கமாகப் பாடுகிறது.

விளக்கம் எதுவானாலும் அதை எடைபோட அளவுகோல்கள் உண்டு. தந்தையைக் கொடியவராகவும் மகனைப் பலியாடாகவும் பிரித்துக் காட்டும் போதனை பிழையானது. யோவான் நற்செய்தியில் இயேசு தம் உயிரைத் தாமே கொடுக்கிறார். உயிர்த்தெழுதலை மறந்த பாடுகள் முழுமை பெறா. யூத மக்கள் அனைவர்மீதும் பழி சுமத்துவதை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விலக்கியது. கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கு நாடகங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டவரிடம் சிலுவையைக் காட்டி வாயடைப்பதும் தவறு. சிலுவையைச் சுமந்தவர் அநீதியின் முன் தலைகுனியவில்லை. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் விசுவாசத்துக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயமும் அப்படியே. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் உள்ளது.