கையொப்பமும் வாசகமும்

தலைவர்தம் கையெழுத்தைத் தேடித் திரட்டுதல் பலர்க்கும் உவப்பான பணியாகும். போர்க்காலத் தலைவர் ஒருவர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட குறிப்பு கிடைத்துவிட்டால் திரட்டுவோர் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அம்மகிழ்ச்சி குற்றமன்று. ஆயினும், கையொப்பத்தில் நிலைத்த கண் வாசகத்தைக் காணத் தவறுமாயின், வரலாறு பிழைபட்டுப் போகும். இதற்கு இரண்டு சான்றுகளைக் காண்போம்.

1945 ஜூலை 31ஆம் நாள், பாட்ஸ்டாம் மாநாட்டிற்குச் சென்றிருந்த அமெரிக்க அதிபர் ட்ரூமன், போர் அமைச்சர் ஸ்டிம்சனிடமிருந்து வந்த செய்தியின் பின்புறத்திலேயே பென்சிலால் விடை எழுதினார். பரிந்துரைக்கு இசைவு, ஆயத்தமானதும் வெளியிடலாம், ஆகஸ்டு 2ஆம் நாளுக்கு முன்னர் வேண்டா என்பதே அதன் சாரம். கீழே அவர் பெயரின் முதலெழுத்துகள் மூன்று. அவர் ஆண்ட ஆங்கிலச் சொல் ‘வெளியிடுதல்’, ‘விடுவித்தல்’ ஆகிய இரு பொருளும் தருவது. எனவே, அணுகுண்டு வீச அவர் தம் கைப்பட வரைந்த ஆணை இதுவே எனக் கொண்டாரும் உளர். தாளின் முன்புறத்தைப் படிப்பார்க்கு உண்மை விளங்கும். ஸ்டிம்சன் கேட்டது, குண்டு வீசப்பட்டபின் வெளியிடவேண்டிய அறிக்கையைப் பற்றியே. குண்டுவீச்சிற்கான ஆணை ஜூலை 25ஆம் நாளே படைத்தளபதிக்கு அனுப்பப்பட்டுவிட்டது. இதனால் ட்ரூமனின் பொறுப்புக் குறைந்துவிடாது. எனினும், இல்லாத ஆணையை இத்தாளில் ஏற்றிப் படித்தல் முறையன்று. கையொப்பத்தை மட்டும் கத்தரித்து வைக்கும் வழக்கமும் திரட்டுவோரிடையே முன்பு இருந்ததுண்டு. இத்தாளுக்கு அக்கதி நேர்ந்திருப்பின், வினா அழிந்து விடை மட்டும் எஞ்சியிருக்கும். கடற்படை அதிகாரி ஜார்ஜ் எல்சி அதனை முழுத்தாளாகக் காத்தது பெருந்தொண்டு.

மற்றொன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தது. படையைவிட்டு ஓடியமைக்காக மரண தண்டனை பெற்ற பேட்ரிக் மர்பி என்னும் வீரனுக்கு, 1864 ஏப்ரல் 14ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் தம் கையால் மன்னிப்பு எழுதிக் கையொப்பமிட்டார். 1998ஆம் ஆண்டில் இக்குறிப்பு புகழ்பெற்றபோது அதில் 1865 ஏப்ரல் 14 என்றிருந்தது. அதுவோ லிங்கன் சுடப்பட்ட நாள். தம் இறுதி நாளிலும் ஓருயிரைக் காத்தார் என்று கேட்டோர் உருகினர். ஆனால், 1950களில் அச்சேறிய லிங்கன் எழுத்துகளின் தொகுப்பு 1864 என்றே காட்டிற்று. எவரோ ‘4’ஐ ‘5’ ஆக்கியிருந்தனர் என்பதை 2011ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் உலகறியச் செய்தது. கையொப்பம் மெய், ஆண்டு பொய்.

முன்னதில் படிப்போர் பொருளைத் திரித்தனர். பின்னதில் ஒரு கை எழுத்தையே திரித்தது. இரண்டிற்கும் வேர், அரிய பொருளை மேலும் அரிதாக்கும் வேட்கையே எனலாம். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடங்காணும் மரபில் வந்த தமிழாசிரியர்க்கு இதற்குரிய மருந்து புதியதன்று. தாளின் இருபுறமும் நோக்குக. பழைய பதிப்போடு ஒப்பிடுக. அதன்பின் வியந்து போற்றுக. மர்பியைக் காத்த அருளுக்கு, 1864ஆம் ஆண்டே போதுமானது.