பில் போட முடிகிற சீர்திருத்தம்

காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு மத்திய அரசு பணம் தருகிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. 1969ல் தொடங்கிய காவல்படை நவீனமயமாக்கல் திட்டம் பெயர் மாறி, விதி மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 பிப்ரவரியில் இதற்கு ஐந்தாண்டு ஒதுக்கீடாக (2021-22 முதல் 2025-26 வரை) 26,275 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பெரிய தொகைதான். ஆனால் அதில் 18,839 கோடி ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு, மாவோயிஸ்ட் பகுதிகளின் பாதுகாப்புச் செலவு. மாநிலப் போலீஸை நவீனமாக்க என்று இருப்பது 4,846 கோடி. ஆண்டுக்கு ஆயிரம் கோடிகூட இல்லை, அதையும் எல்லா மாநிலங்களும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்று பார்த்தால் வண்டி, ஆயுதம், வயர்லெஸ், பயிற்சிக் கருவி, தடய அறிவியல் சாதனம். எல்லாமே டெண்டர் விட்டு, பில் போட்டு, ஸ்டாக் புத்தகத்தில் ஏற்றக்கூடியவை. சீர்திருத்தம் செய்கிற மாநிலத்துக்கு ஊக்கத்தொகை என்றும் ஒரு பங்கு வைத்தார்கள். முதலில் 10 சதவீதம், 2018-19ல் 20 சதவீதம். மீதி 80 சதவீதம் எதற்கு என்று கேட்டால் மேலே சொன்ன பட்டியல்தான். ஜனங்களோடு போலீஸுக்கு இருக்கிற உறவுக்கு இதில் எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று தேடிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

இதை ஆரம்பாக்கத்தை வைத்து யோசித்தால் கொஞ்சம் தெளிவாகிறது. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். சென்னையிலிருந்து ரயிலில் வடக்கே போனால் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன், அடுத்தது தடா, ஆந்திரம். மேற்கே கொல்கத்தா நெடுஞ்சாலை. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ஒரே காவல் எல்லைக்குள் நெடுஞ்சாலைக் குற்றம், மாநில எல்லை, மீனவர் தகராறு, ராக்கெட் தளப் பாதுகாப்பு எல்லாம் வந்து முட்டுகிற இடம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தண்ணீரில் கோடு போட முடியாது, ஆனால் கோட்டுக்காக இரண்டு பக்க மீனவர்களும் மோதிக்கொள்வது பழைய கதை.

2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பகுதியில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை நினைவிருக்கும். சந்தேகத்துக்குரியவனைப் பிடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. கேமரா படத்தை வெளியிட்டு, தகவல் சொன்னால் 5 லட்சம் என்று அறிவித்தார்கள். அறிவித்தது தப்பில்லை. ஆனால் ஓர் ஊரில் அந்நிய முகம் நடமாடினால் ஸ்டேஷனுக்குத் தானாக வந்து சேர வேண்டிய தகவலுக்கு விலை வைக்க வேண்டி வந்தது ஏன் என்பதுதான் எனக்குள் குடைகிற கேள்வி.

இனி கடல் பக்கம். தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994லிருந்து இருக்கிறது. 2005ல் மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் நாடு முழுக்க 73 கடலோரக் காவல் நிலையம், 204 படகு. தமிழ்நாட்டுக்கு 12 நிலையம். 2011ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 30. கட்டடம், படகு, ஜீப்புக்கு மத்திய நிதி. முதல் கட்டத்தில் படகுக்கு டீசல், ரிப்பேர் செலவும் சில ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். ஆள் போடுவது மாநிலத்தின் பாடு. திட்டத்தின் மூளை எந்தப் பக்கம் வேலை செய்திருக்கிறது பாருங்கள்: படகுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது, படகோட்டிக்கு இல்லை.

2008 நவம்பரில் மும்பை மச்சிமார் காலனிக் கரையில் ரப்பர் படகில் வந்து இறங்கிய பத்துப் பேரை முதலில் பார்த்தது எந்த ரேடாரும் இல்லை. அங்கிருந்த மீனவர்கள். யார் நீங்கள் என்று கேள்வியும் கேட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டாம் கட்டத்துக்குப் போன பணத்தில் பெரும்பகுதி மறுபடி கட்டடத்துக்கும் படகுக்கும்தான்.

மீனவரைச் சேர்க்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். கரையோரக் கிராமங்களில் விழிப்புணர்வுக் குழுக்கள் உண்டு, 1093 என்கிற இலவச எண் உண்டு, கடலோர ஊர்க்காவல் படையில் மீனவ இளைஞர்களைச் சேர்த்ததும் உண்டு. இதில் ஊர்க்காவல் படை நல்ல யோசனை, ஏனென்றால் அதில் வேலைக்குக் கூலி இருக்கிறது. குழு உறுப்பினருக்குக் கூட்டமும் டீயும்தான். சாகர் கவாச் ஒத்திகை வரும்போது சந்தேகப் படகு வந்தால் சொல்லுங்கள் என்பார்கள். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்பார்கள். இரண்டும் நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் தகவலும் உத்தரவும் போகிற திசையைக் கவனியுங்கள். மீனவர் சொன்னது மேலே போகிறது, போகாதே என்பது கீழே வருகிறது. வலை அறுந்தது, எல்லைத் தகராறில் படகைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று அவர் போய்ச் சொன்னால் அது மீன்வளத்துறை விஷயம், பக்கத்து மாநில விஷயம்.

இத்தனைக்கும் இந்த ஏரியில் போலீஸ் வருவதற்கு ரொம்ப முன்பே காவல் இருந்தது. பழவேற்காட்டின் பாடு முறையைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும். எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்து, தலைக்கட்டு கணக்கில் உரிமை கொடுத்து, மீறினால் ஊர் பஞ்சாயத்தே தண்டம் போடும். இதைத் தூக்கி வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. பெண்களுக்கு அங்கே இடமில்லை, சாதிக்கு வெளியே உள்ளவருக்குப் பாடு இல்லை, ஊர்விலக்கு என்கிற ஆயுதம் சட்டத்தில் நிற்காது. ஆனால் யார் கேட்பது, யாருக்குப் பதில் சொல்வது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நம் திட்டங்களில் இல்லாதது அது ஒன்றுதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது: ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ். 1993ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. 1991ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்த அதிகாரி அவர். போலீஸுக்கு ஊரில் நண்பர்கள் வேண்டும் என்ற எண்ணம் உண்மையானது. மாநிலம் முழுக்கப் பரவியது, 2002ல் இங்கிலாந்து அரசியார் பெயரிலான விருதும் வாங்கியது. தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது, கார்டு உண்டு. ஸ்டேஷனுக்கு ஆள் பற்றாக்குறை வரும்போது இந்த நண்பர்கள் என்ன ஆனார்கள்? செலவில்லாத கான்ஸ்டபிள்கள் ஆனார்கள். 2020 ஊரடங்கில் சாலைத் தடுப்புகளில் நம்மை நிறுத்தி எங்கே போறீங்க என்று அதட்டியவர்களில் இவர்களும் இருந்தார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், லாக் எதுவும் பதிவாகாத அட்மின் பாஸ்வேர்டு.

அந்த ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப் போனது. நாலு நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். தன்னார்வலர்களும் அந்த இரவு ஸ்டேஷனில் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது, அமைப்பின் தரப்பு மறுத்தது. ஜூலையில் அரசு தடை போட்டுவிட்டது. 27 ஆண்டுத் திட்டம் ஓர் அரசாணையில் முடிந்தது. தடை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் தன்னார்வலரைத் தடை செய்ததில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் நடந்ததற்கு ஸ்டேஷன் பதில் சொல்லும் ஏற்பாடு என்ன என்ற கேள்வி அப்படியே பின்னால் போய்விட்டது.

கேரளத்தில் 2008ல் ஜனமைத்ரி என்று தொடங்கினார்கள். அங்கே வீடு வீடாகப் போகிறவர் தன்னார்வலர் இல்லை, சீருடை போட்ட, சம்பளம் வாங்குகிற பீட் ஆபீசர். சில நூறு வீடுகளுக்கு ஒருவர். தப்பு செய்தால் சஸ்பெண்ட் செய்ய ஓர் ஆள் இருக்கிறார். அதிலும் குறைகள் உண்டு, கண்காணிப்பாக மாறிவிடும் என்று அங்கேயே விமர்சனம் வந்தது. என்றாலும் காவலை ஜனங்களிடம் கொண்டுபோவது போலீஸின் வேலை, ஜனங்களின் ஓசி வேலை இல்லை என்ற புரிதல் அதில் இருக்கிறது. செலவு பிடிக்கும். அதற்குத்தான் மானியம் வேண்டும்.

பதில் சொல்லும் ஏற்பாட்டுக்கு வருவோம். 2006 செப்டம்பர் 22ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் கேட்டது: மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை. தமிழ்நாடு 2013ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர். தீர்ப்பு கேட்ட நீதிபதியைக் காணோம். இதை மாற்ற ஒரு படகு வாங்கத் தேவையில்லை, ஒரு சட்டத் திருத்தம் போதும். ஊக்கத்தொகையின் அந்த 20 சதவீதம் முழுவதையும் இந்த ஒரு நிபந்தனைக்குக் கட்டியிருந்தால் எத்தனை மாநிலம் கையெழுத்துப் போட்டிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

அதுவரைக்கும் ஆரம்பாக்கம் கரையில் சந்தேகப் படகைப் பார்க்கிற மீனவர் 1093ஐ அழைக்கலாம். சந்தேகமான போலீஸ்காரரைப் பார்த்தால் பஸ் பிடித்துத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஒரு நாள் தொழில் போகும்.