பெருமாள் முதலியார் பிடித்த பிடி

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றே பலரும் நினைக்கிறோம். பணத்தைவிடப் பெரிய முதல் ஒன்று உண்டு. அதுதான் கணிப்பு. இன்னும் யாரும் பார்க்காத ஒன்றைத் தான் பார்த்துவிட்டு, அதில் உறுதியாக நிற்பது.

'பராசக்தி' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார், நாடக மேடையில் சிவாஜி கணேசன் நடித்ததைப் பார்த்தவர். இந்தப் பையன்தான் படத்தின் நாயகன் குணசேகரன் என்று முடிவு கட்டினார். படத்தைச் சேர்ந்து தயாரித்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பையன் ஒல்லி, சினிமாவுக்குப் புதுசு. கொஞ்சம் படமாக்கிய பிறகும் ஆளை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஓடிய ஃபிலிமுக்கும் நாட்களுக்கும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. பெருமாள் அசையவில்லை. கணேசன் உடம்பு தேறியதும் சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள்.

1952 தீபாவளிக்குப் படம் வந்தது. கலைஞரின் வசனமும் சிவாஜியின் குரலும் ஊரெங்கும் ஒலித்தன. அந்தக் குரல் நமக்குக் கிடைத்ததில் பெருமாளின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

சிவாஜி இதை மறக்கவே இல்லை. பொங்கல்தோறும் வேலூருக்குப் போய், பெருமாள் வீட்டில் சீர் வைத்து வணங்கி வந்தார். ஒரு தயாரிப்பாளருக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.